ஊசித்துளையின் கணக்கு

2019 டிசம்பர் 26 காலை ஒன்பதரை மணி வாக்கில் கோயம்புத்தூர், கரூர், திண்டுக்கல் பக்கம் மரத்தடியில் நின்றவர்கள் வானத்தை விட்டுவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்று கங்கண சூரிய கிரகணம். வேப்பமர நிழலில் தினமும் சிதறிக் கிடக்கும் வெளிச்சப் பொட்டுகள் அத்தனையும் அன்று வளையங்களாக மாறியிருந்தன. கடல் தாண்டி யாழ்ப்பாணத்திலும் அதே காட்சிதான். கையில் கருவி எதுவும் இல்லாதவருக்கும் மரம் ஆயிரம் கேமராக்களைப் பிடித்துக் காட்டியது.

இலைகளுக்கு நடுவிலுள்ள இடுக்குகள் வட்டமாக இருப்பதில்லை. கோணலாக, கீறலாக, முக்கோணமாக எப்படியும் இருக்கும். ஆனால் தரையில் விழும் பொட்டு வட்டமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் அது சூரியனின் படம். கிரகணம் இல்லாத நாளிலும் மரத்தடியில் விழுவது அதே படம்தான். சூரியன் முழு வட்டமாக இருப்பதால் நாம் அதைப் படம் என்று நினைப்பதில்லை, அவ்வளவே.

அளந்தும் பார்க்கலாம். ஓர் அட்டையில் 2 மில்லிமீட்டர் துளையிட்டு வெயிலில் பிடியுங்கள். 2 மீட்டர் தள்ளி வெள்ளைத்தாளை வையுங்கள். தாளில் சுமார் 20.5 மில்லிமீட்டர் அளவில் ஒரு வட்டம் விழும். அதில் துளையின் 2 மில்லிமீட்டரைக் கழித்தால் சுமார் 18.5 மில்லிமீட்டர். 2 மீட்டரை இதால் வகுத்தால் கிட்டத்தட்ட 108 வரும். சூரியன் தன் விட்டத்தைப் போல் ஏறக்குறைய 108 மடங்கு தொலைவில் இருக்கிறது என்று பொருள். தொலைவு 15 கோடி கிலோமீட்டர் என்று பள்ளிப் பாடத்தில் படித்திருக்கிறோம். அதை 108-ஆல் வகுத்தால் 14 லட்சம் கிலோமீட்டர், சூரியனின் விட்டம். 108 என்றதும் கைகூப்பத் தோன்றுபவர்களுக்கு ஒரு செய்தி: நிலாவுக்கு இதே கணக்கைப் போட்டால் சராசரியாக 110 வருகிறது. இரண்டும் இவ்வளவு நெருங்கி இருப்பதால்தான் நிலாவால் சூரியனைக் கச்சிதமாக மறைக்க முடிகிறது. நிலா சற்றுத் தள்ளியிருக்கும் நாளில் விளிம்பு மிஞ்சுகிறது, கங்கணம் தெரிகிறது. ஓர் எச்சரிக்கை: துளை வழியாகச் சூரியனைக் கண்ணால் பார்க்கக் கூடாது. துளை சூரியனுக்கு, கண் தாளுக்கு.

துளை எப்படிப் படம் வரைகிறது? வெளியே நிற்கும் தென்னை மரத்தின் உச்சியிலிருந்து ஒளி எல்லாத் திசையிலும் புறப்படுகிறது. அடிமரத்திலிருந்தும் அப்படியே. சுவரின் ஒவ்வொரு புள்ளியிலும் மரம் முழுவதிலிருந்தும் வந்த ஒளி கலந்து விழுவதால் படம் எதுவும் தெரிவதில்லை. நடுவில் துளையுள்ள ஒரு மறைப்பை வைத்தால் கலப்பு நின்றுவிடும். உச்சியிலிருந்து வரும் ஒளி துளை வழியே கீழ்நோக்கித்தான் போக முடியும். அடியிலிருந்து வருவது மேல்நோக்கித்தான் போக முடியும். படம் தலைகீழாக விழுகிறது. துளை புதிதாக எதையும் செய்வதில்லை, வேண்டாத ஒளியை விலக்குகிறது. ஹம்பியின் விருபாட்சர் கோயிலுக்குப் போனவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். உள்ளே ஓர் இருண்ட அறையின் சுவரில், சிறிய திறப்பு ஒன்றின் வழியாக, ராஜகோபுரம் தலைகீழாக விழுகிறது.

சீனத்து மோசியின் மாணவர்கள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே இந்தத் தலைகீழ்ப் படத்தை எழுதிவைத்தார்கள். பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல்-ஹைதம் பதினோராம் நூற்றாண்டில் கிரகணத்தின் வடிவம் பற்றித் தனி நூலே எழுதினார். துளை பெரிதாகப் பெரிதாகப் பிறைவடிவம் மங்கிப்போவதை அவர் கவனித்திருந்தார். 1544 ஜனவரியில் லூவேன் நகரில் கிரகணம் பார்த்த ஜெம்மா ஃப்ரீசியஸ் அடுத்த ஆண்டு அச்சிட்ட படமே இருட்டறைக் கேமராவுக்கு அச்சில் வந்த முதல் படம் என்கிறார்கள்.

துளை பெரிதானால் படம் மங்கும் என்றால், சிறிதாக்கிக்கொண்டே போனால் படம் தெளிந்துகொண்டே போக வேண்டும். ஊசித்துளைக் கேமரா செய்ய உட்காரும் எல்லோரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். கடையில் கிடைக்கும் ஊசிகளிலேயே மெல்லியதைத் தேடி வாங்குகிறார்கள். அங்கேதான் ஒளி தன் குணத்தைக் காட்டுகிறது.

ஒளி ஓர் அலை. துறைமுக வாயிலுக்குள் நுழையும் கடலலை நேர்கோட்டில் போய்விடுவதில்லை, உள்ளே விசிறிபோல் விரிகிறது. வாயில் குறுகலாக இருந்தால் விரிவும் அதிகம். இதற்கு விளிம்பு விளைவு என்று பெயர். பச்சை ஒளியின் அலைநீளம் ஏறக்குறைய 0.00055 மில்லிமீட்டர். ஊசித்துளையோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை போலத் தோன்றும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 சென்டிமீட்டர் ஆழமுள்ள ஒரு டின்னில் 1 மில்லிமீட்டர் துளையிட்டால், தொலைவிலுள்ள ஒரு புள்ளி படத்தில் 1 மில்லிமீட்டர் கறையாக விழும். அதே டின்னில் துளையைப் பத்தில் ஒரு பங்காக, 0.1 மில்லிமீட்டராகக் குறைத்தால் கறையும் பத்தில் ஒன்றாகவில்லை. ஒளி விரிந்து 1.3 மில்லிமீட்டருக்குப் பரவுகிறது. பெரிய துளை தந்ததைவிட மோசம். போதாததற்கு, வெளிச்சமும் நூறில் ஒன்றாகிவிடுகிறது.

இரண்டு மங்கல்களுக்கும் நடுவில் ஓர் அளவு இருந்தாக வேண்டும். லென்ஸ் மேதை யோசஃப் பெட்ஸ்வால் 1850-களில் அதைத் தேடினார். இன்று பலரும் கையாளும் கணக்கு ஆங்கிலேய இயற்பியலாளர் ரேலி பிரபுவுடையது. வானம் ஏன் நீலம் என்று விளக்கியவர், ஆர்கானைக் கண்டுபிடித்து 1904-இல் நோபல் பரிசு பெற்றவர், 1891-இல் ஊசித்துளைப் புகைப்படம் பற்றி 'ஃபிலசாஃபிக்கல் மேகசின்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். அதே இதழில் 1906 நவம்பரில், செவ்வகத் திறப்பு ஒன்றில் ஒளி சாய்வாக விழும்போது உண்டாகும் விளிம்பு விளைவுப் பட்டைகளைப் பற்றி ஒரு சிறு கட்டுரை வந்தது. எழுதியவர் சென்னை மாநிலக் கல்லூரி மாணவர், வயது 18. கல்லூரி ஆய்வகத்தில் எல்லா மாணவர்களும் பட்டகத்தின் கோணத்தை அளக்கும் நிறமாலைமானியில் அவர் அந்தப் பட்டைகளைக் கவனித்தார். சி. வி. ராமனின் முதல் ஆய்வுக் கட்டுரை அதுதான். ஓட்டை வழியே போகும் ஒளி ஓரத்தில் என்ன செய்கிறது என்பது அற்ப விஷயமில்லை என்று இரண்டு நோபல்காரர்களுக்குத் தோன்றியிருக்கிறது.

ரேலியின் கணக்கைச் சமையலறைக்கு ஏற்றாற்போல் சுருக்கினால் இப்படி வரும். துளைக்கும் தாளுக்கும் உள்ள தூரத்தை மில்லிமீட்டரில் எடுங்கள். அதன் வர்க்கமூலத்தை 22-ஆல் வகுங்கள். கிடைப்பதுதான் துளையின் விட்டம், அதுவும் மில்லிமீட்டரில். தீப்பெட்டிக் கேமராவுக்கு ஆழம் 15 மில்லிமீட்டர் என்றால் துளை 0.18. பால்பவுடர் டின்னுக்கு 100 என்றால் 0.45. இவற்றைச் செய்து பார்த்தவர்கள் பலர்.

இதே கணக்கை மிகப்பெரிய ஒன்றின் மேல் வைத்துப் பார்ப்போம். கலிஃபோர்னியாவில் எல் டோரோ என்ற இடத்தில் கைவிடப்பட்ட ராணுவ விமானதளம் இருந்தது. 2006-இல் புகைப்படக்காரர்கள் சிலர் அங்கிருந்த விமானக் கொட்டகை ஒன்றையே ஊசித்துளைக் கேமராவாக மாற்றினார்கள். ஒளி நுழையும் இண்டு இடுக்கை எல்லாம் அடைத்து, கதவில் ஒரு துளை. அதற்கு ஏறக்குறைய 17 மீட்டர் பின்னால், ஒளியுணர் பூச்சு தடவிய 32 மீட்டருக்கும் மேல் அகலமான துணி. 35 நிமிடம் ஒளி பட்டது. 17 மீட்டர் என்பது 17,000 மில்லிமீட்டர். அதன் வர்க்கமூலம் 130. 22-ஆல் வகுத்தால் 5.9. அவர்கள் இட்ட துளை சுமார் 6 மில்லிமீட்டர்! தீப்பெட்டிக்கும் விமானக் கொட்டகைக்கும் ஒரே விதி.

அந்தப் படத்தில் இன்னொரு விஷயமும் உண்டு. 6 மில்லிமீட்டர் துளை என்றால் கறையும் அந்த அளவுக்கு. தீப்பெட்டியின் கறையைவிட முப்பது மடங்கு பெரிது. ஆனால் படம் அதைவிடப் பல மடங்கு பெரிது. படத்தின் அகலத்தைக் கறையின் அளவால் வகுத்தால் குறுக்கே எத்தனை புள்ளிகளைத் தனித்தனியாகக் காட்ட முடியும் என்று தெரியும். தோராயமாகச் சொன்னால், தீப்பெட்டியின் 24 மில்லிமீட்டர் சதுரப் படத்தில் மொத்தம் 18,000 புள்ளிகள். பால்பவுடர் டின்னுக்குள் 5-க்கு 7 அங்குலத் தாளை வைத்தால் ஒரு லட்சத்துப் பதினோராயிரம். எல் டோரோ துணியில் 87 லட்சம். ஆழத்தை நான்கு மடங்காக்கினால் படமும் நீள அகலத்தில் நான்கு மடங்காகிறது. துளையோ இரண்டு மடங்குதான் ஆகிறது. ஆகவே ஊசித்துளைப் படம் தெளிவாக வேண்டுமென்றால் இன்னும் மெல்லிய ஊசியைத் தேடாதீர்கள். பெரிய பெட்டியைத் தேடுங்கள். இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்.

இதை மனதில் வைத்துக்கொண்டு, விலையுயர்ந்த டிஜிட்டல் கேமராவில் ஊசித்துளை பொருத்துவோரைப் பார்த்தால் கொஞ்சம் சிரிப்பு வருகிறது. லென்ஸைக் கழற்றியதும் கேமராவின் வாயை மூட ஒரு பிளாஸ்டிக் மூடி தருவார்கள். அதன் நடுவில் ஓட்டை போட்டுத் துளைத் தகட்டை ஒட்டினால் ஊசித்துளைக் கேமரா தயார். சாதாரண எஸ்.எல்.ஆர். கேமராவில் மூடிக்கும் சென்சாருக்கும் சுமார் 45 மில்லிமீட்டர், துளை 0.3. சென்சாரின் அகலம் 24 மில்லிமீட்டர் என்றால் குறுக்கே 80 புள்ளிகள், மொத்தம் நாலாயிரத்துச் சொச்சம். இரண்டரைக் கோடி பிக்சல் கேமரா நாலாயிரம் புள்ளிப் படம் தருகிறது. நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் டின் இதைவிட இருபத்தைந்து மடங்கு விவரம் காட்டும். ஆனாலும் மூடிக் கேமராவைச் செய்து பாருங்கள் என்றே சொல்வேன், கற்றுக்கொள்வதற்கு. படம் உடனே திரையில் தெரிவதால், வெவ்வேறு அளவுத் துளைகளை மாற்றி மாற்றி வைத்து, மங்கல் குறைந்து பின் கூடுவதை ஒரே மதியத்தில் பார்த்துவிடலாம். மிரர்லெஸ் கேமராவில் லென்ஸ் இல்லாமலும் ஷட்டரை இயக்கும் வசதியை மெனுவில் தேடி இயக்க வேண்டும். அவற்றில் சென்சார் மூடிக்கு மிக அருகில், 20 மில்லிமீட்டருக்குள் இருப்பதால் துளை 0.2-க்கும் கீழே போகும். ஓரங்களில் நிறமும் மாறித் தெரியலாம்.

இந்தச் சோதனையில் வேண்டாமலே ஒன்று தெரியவரும்: சென்சாரில் ஒட்டியிருக்கும் தூசு. லென்ஸை எஃப் 4 என்று அகலத் திறந்து எடுக்கும்போது கண்ணுக்குத் தெரியாத துகளெல்லாம் ஊசித்துளையில் கரும்புள்ளியாகப் பதியும். சென்சாரைச் சுத்தம் செய்யக் கொடுக்கலாமா என்று குழம்புபவர்களுக்கு இதைவிட நல்ல சோதனை இல்லை. இன்னொன்று, எல்லாம் துல்லியமாக வேண்டும் என்று லென்ஸை எஃப் 22 வரை மூடி எடுக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. அப்போது விளிம்பு விளைவால் ஒரு புள்ளி 0.03 மில்லிமீட்டருக்கு விரிகிறது. இன்றைய கேமராவின் பிக்சல் 0.004 மில்லிமீட்டர் என்று கொண்டால் ஏழு பிக்சல் அகலம். எஃப் 8-இல் எடுத்திருந்தால் படம் கூர்மையாக இருந்திருக்கும். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய லென்ஸுக்குள்ளும் ரேலியின் கணக்கு வேலை செய்கிறது.

துளை போடுவதில் அவசரம் கூடாது. குளிர்பான டின்னைக் கத்தரியால் வெட்டி ஒரு சதுரத் துண்டு எடுங்கள். கெட்டி அட்டைமேல் வைத்து மெல்லிய தையல் ஊசியின் நுனியால் அழுத்துங்கள். குத்திவிடாதீர்கள், பின்பக்கம் ஒரு சிறு மேடு எழும்பினால் போதும். மேட்டை மெல்லிய உப்புத்தாளால் தேயுங்கள். திரும்ப அழுத்துங்கள், திரும்பத் தேயுங்கள். மேடு தேயத் தேயத் துளை தானாகத் திறக்கும், விளிம்பும் பிசிறில்லாமல் மெல்லியதாக இருக்கும். ஒரே குத்தாகக் குத்தினால் ஓரம் கிழிந்து, துளை சிறு குழாய்போல் ஆகிவிடும். படத்தின் மூலைகள் இருண்டுபோகும். அளப்பதற்கு ஸ்கேனர் போதும். அங்குலத்துக்கு 2400 புள்ளி தரத்தில் தகட்டை ஸ்கேன் செய்து, துளை எத்தனை பிக்சல் என்று எண்ணுங்கள். 28 பிக்சல் என்றால் 0.3 மில்லிமீட்டர். தகட்டின் உட்பக்கத்தையும் பெட்டியின் உள்ளேயும் கறுப்படித்துவிடுங்கள். லேசரால் துளைத்த தகடுகள் விலைக்குக் கிடைக்கின்றன, வட்டம் சுத்தமாக இருக்கும். முதல் கேமராவுக்கு அது வேண்டியதில்லை.

ஷட்டர் கறுப்பு இன்சுலேஷன் டேப். டேப்பை உரித்தால் திறந்தது, ஒட்டினால் மூடியது.

எவ்வளவு நேரம் திறப்பது? ஆழத்தைத் துளையால் வகுத்தால் எஃப் எண். டின்னுக்கு 100-ஐ 0.45-ஆல் வகுக்க 222. கைப்பேசியில் ஒளிமானிச் செயலி ஒன்றை இறக்கி எஃப் 16-க்கு என்ன நேரம் காட்டுகிறது என்று பாருங்கள். 222-ஐ 16-ஆல் வகுத்து, விடையை அதனாலேயே பெருக்கினால் 190-சொச்சம். செயலி காட்டிய நேரத்தை அதனால் பெருக்க வேண்டும். நல்ல வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100 ஃபிலிமுக்கு எஃப் 16-இல் நொடியில் நூறில் ஒரு பங்கு என்பது பழைய ஸ்டுடியோக்காரர்களின் மனப்பாடம். அப்படியானால் டின்னில் 2 நொடி. கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தாளின் வேகம் ஐ.எஸ்.ஓ. 6 அளவுதான் என்பதால் அரை நிமிடம். மேகம் இருந்தால் பல நிமிடம். நேரம் நீள நீள ஃபிலிம் சோம்பல்படும். கணக்கில் 10 நொடி வந்தால் 20 நொடிகூடக் கொடுக்க வேண்டியிருக்கும். இந்தச் சோம்பலுக்கு ஒரு விதி கண்டவர் கார்ல் ஸ்வார்ஷில்டு, வியன்னாவில் விண்மீன்களின் வெளிச்சத்தைப் படத்தில் அளந்த காலத்தில். பின்னாளில், 1916-இல், ஐன்ஸ்டைனின் சமன்பாட்டுக்குத் தீர்வு கண்டு கருந்துளைக் கணக்கைத் தொடங்கிவைத்தவரும் அவரே. டிஜிட்டல் சென்சாருக்கு இந்தச் சோம்பல் கிடையாது.

எடுத்த தாளைக் கழுவ ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் இருட்டறை இருந்தது. சிவப்பு பல்பு, டெவலப்பர் தட்டு, ஹைப்போ வாசனை. இப்போது டெவலப்பர் பொட்டலம் தேடி அலைய வேண்டும். அலைய வேண்டாம், காப்பித்தூள் போதும். 1995-இல் அமெரிக்காவின் ராசெஸ்டர் தொழில்நுட்பக் கழகத்தில் ஸ்காட் வில்லியம்ஸ் தன் வகுப்பு மாணவர்களோடு இதைச் செய்து காட்டினார். வேலை செய்வது காஃபீன் அல்ல, காப்பியிலுள்ள ஃபீனால் வகை அமிலங்கள். ஒளி பட்ட வெள்ளி உப்பை அவை உலோக வெள்ளியாக மாற்றிக் கறுக்கவைக்கின்றன. காரத்தன்மை இருந்தால்தான் அவை சுறுசுறுப்பாகும் என்பதால் வாஷிங் சோடா. வேகம் கூட்ட வைட்டமின் சி பின்னால் சேர்ந்தது. ஃபிலிமுக்குப் பரவலாகச் சொல்லப்படும் அளவு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு நீரற்ற வாஷிங் சோடா 54 கிராம், வைட்டமின் சி 16 கிராம், இன்ஸ்டன்ட் காப்பித்தூள் 40 கிராம். 20 டிகிரி வெப்பத்தில் 15 நிமிடம். நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் 30 டிகிரியில் வரும், ஐஸ் கட்டி வைத்துக் குளிரவிடுங்கள். கற்கண்டுபோல் இருக்கும் சோடா என்றால் அதில் பாதிக்கு மேல் நீர். இரண்டே முக்கால் மடங்கு எடுக்க வேண்டும். ஆப்பசோடா இதற்கு ஆகாது. காஸ்டிக் சோடாவைத் தொடவே வேண்டாம். கும்பகோணம் டிகிரி காப்பிப் பெருமையை இங்கே கொண்டுவராதீர்கள். சிக்கரி கலக்காத, விலை மலிவான ரொபஸ்டாத் தூளில்தான் அந்த அமிலங்கள் அதிகம்.

தாளுக்கு அதே கரைசல் போதும். சிவப்பு வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே இருந்து, படம் போதுமான அளவு கறுத்ததும் எடுத்துவிடலாம். காப்பிக்கறை லேசாக ஏறும், பார்க்க அழகாகத்தான் இருக்கும். நாற்றத்துக்கு நான் பொறுப்பில்லை. கடைசியில் ஹைப்போவில் போட்டே ஆக வேண்டும். ஒளி படாத வெள்ளி உப்பை அதுதான் கரைத்து நீக்கும். ஹைப்போ என்பது சோடியம் தயோசல்ஃபேட். குழாய்த் தண்ணீரின் குளோரினைப் போக்க என்று மீன்தொட்டிக் கடைகளில் விற்கும் படிகம் பெரும்பாலும் அதுவே.

படம் எடுக்க டின்னை இவ்வளவு நேரம் திறந்து வைப்பது ஏன்? துளை சிறிது, வெளிச்சம் போதவில்லை. லென்ஸ் எதற்காக வந்தது என்பதற்கு இதுதான் விடை. 1550-இலேயே இத்தாலிய அறிஞர் கார்டானோ இருட்டறைத் துளையில் குவிவில்லை வைத்துப் பார்க்கச் சொன்னார். அதை வீட்டில் பார்க்கலாம். வெயில் அடிக்கும் தெருவைப் பார்த்த ஜன்னலைக் கறுப்பு அட்டையால் முழுக்க அடைத்து, ஒரு சென்டிமீட்டர் துளை விடுங்கள். ரேலி கணக்குப்படி மூன்று மீட்டர் அறைக்கு இரண்டரை மில்லிமீட்டர்தான் சரி, ஆனால் அந்த வெளிச்சத்தில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஒரு சென்டிமீட்டர் என்றால், கண் இருட்டுக்குப் பழக ஐந்து நிமிடம் காத்திருந்தபின், எதிர்ச்சுவரில் தெரு தலைகீழாக நடமாடும், ஓரங்கள் மசமசவென்று. இப்போது மூக்குக் கண்ணாடிக் கடையில் +0.50 பவர் கண்ணாடி ஒன்று, ஃபிரேமுக்காக வெட்டாமல், வாங்கி வாருங்கள். அதன் குவியத் தொலைவு 2 மீட்டர். துளையை 4 சென்டிமீட்டராக அகலப்படுத்தி அதில் கண்ணாடியை ஒட்டி, 2 மீட்டர் தள்ளி வெள்ளை வேட்டியைக் கொடியில் விரித்துக் கட்டுங்கள். வேட்டியை முன்னும் பின்னும் நகர்த்தினால் ஓரிடத்தில் எதிர்வீட்டு மாடி சட்டென்று கூர்மையாகும். பதினாறு மடங்கு ஒளி உள்ளே வருகிறது, மங்கலும் குறைகிறது. துளை ஒளியை விலக்கிப் படம் காட்டியது. லென்ஸ் ஒளியை வளைத்து ஒன்றுசேர்த்துக் காட்டுகிறது. ஆனால் வேட்டியை அரை மீட்டர் நகர்த்தினால் படம் மங்கிவிடும். துளைக்கு அந்தக் கவலை இல்லை, அதற்கு எல்லாத் தூரமும் ஒன்றுதான்.

வெளிச்சம் போதாமையையே லாபமாக்கும் ஒரு வேலையும் இருக்கிறது. நேரத்தை நிமிடத்தில் எண்ணாமல் மாதத்தில் எண்ணினால்? 2000-ஆம் ஆண்டு வாக்கில் போலந்தின் ஸ்லாவோமிர் டெசிக், பாவெல் கூலா, ஸ்பெயினின் தியேகோ லோபெஸ் கால்வின் மூவரும் புகைப்படத்தாள் வைத்த டின்களை மாதக்கணக்கில் வெயிலில் விடும் முறையைப் பரப்பினார்கள். சூரியன் தினமும் நடந்த பாதை ஒவ்வொரு கோடாகத் தாளில் பதிகிறது. டெவலப்பர் வேண்டாம், அத்தனை நாள் ஒளி பட்டால் தாள் தானே நிறம் மாறிவிடும். இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பல்கலைக்கழகத்தின் பேஃபோர்ட்பரி வானாய்வகத்தில் ரெஜினா வால்கன்பர்க் என்ற மாணவி 2012-இல் ஒரு பீர் டின்னைத் தொலைநோக்கியின்மேல் கட்டிவிட்டு மறந்துபோனார். 2020 செப்டம்பரில் அதை எடுத்தார்கள். எட்டு ஆண்டு ஒரு மாதம். வானத்தில் 2,953 வளைகோடுகள்.

அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு டின்னைத் தெற்கு நோக்கிக் கட்டினால் நமக்கு ஏமாற்றம்தான். இங்கிலாந்தில் சூரியன் ஆண்டு முழுவதும் நண்பகலில் தெற்கே நிற்கும். நம் ஊரில் அப்படியில்லை. சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும், கன்னியாகுமரியில் ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் செப்டம்பர் தொடக்கத்திலும் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அறிவியல் இயக்கத்தார் பள்ளிகளில் நிழலில்லா நாள் என்று குச்சி நட்டுக் காட்டுகிறார்களே, அந்த நாள்கள். நடுவிலுள்ள மாதங்களில் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே. தெற்கு பார்த்த டின் அந்த மாதங்களைத் தவறவிட்டுவிடும்.

ஆகவே கிழக்கு நோக்கிக் கட்டுங்கள், அல்லது மேற்கு. இங்கே சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக ஏறுகிறது. சென்னையில் 13 டிகிரி மட்டும் தெற்கே சாய்வு, யாழ்ப்பாணத்தில் 10. பேஃபோர்ட்பரியில் சாய்வு 52 டிகிரி. அவர்களுக்கு வானவில்போல் வளைவுகள் விழுந்த இடத்தில் நமக்கு மழைத்தாரைபோல் கோடுகள் விழும். ஜூன் 21-இல் சூரியன் கிழக்கிலிருந்து 24 டிகிரி வடக்கே தள்ளி உதிக்கும், டிசம்பர் 21-இல் 24 டிகிரி தெற்கே. இந்த இரண்டு எல்லைக்கும் நடுவே ஆறு மாதக் கோடுகளும் அடங்கிவிடும். மேகம் மூடிய நாளில் கோடு இராது. மேகம் வந்து போன நாளில் அறுந்து அறுந்து விழும்.

குளிர்பான டின்னின் மேல்மூடியை வெட்டி, பக்கவாட்டில் நடுவே துளை போட்டு, எதிர்ப்புறம் உட்சுவரை ஒட்டிக் கறுப்பு வெள்ளைத் தாளை வளைத்து வையுங்கள். துளையைத் தாள் மறைக்கக் கூடாது. மூடியைத் திரும்ப வைத்து டேப்பால் தண்ணீர் புகாதபடி சுற்றுங்கள். கேபிள் டை போட்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் காலில் அசையாமல் கட்டுங்கள். ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் கோடுகள் இரட்டையாகிவிடும். பாலம், மின்கம்பம், ரயில் நிலையம் பக்கமே போகாதீர்கள். 2016 பிப்ரவரியில் அட்லாண்டாவில் மாணவர்கள் பாலத்தில் ஒட்டிய இத்தகைய டின் ஒன்றை வெடிகுண்டு என்று நினைத்து, போக்குவரத்தை நிறுத்தி, வெடிக்கவைத்தே அழித்தார்கள். சொந்த மாடியானாலும் டின்மேல் உங்கள் பெயரையும் அது என்ன என்பதையும் எழுதிவிடுங்கள்.

எடுத்ததும் தாளை டெவலப்பரிலோ ஹைப்போவிலோ போடாதீர்கள், படம் போய்விடும். மங்கலான அறையில் பிரித்து நேரே ஸ்கேனரில் வையுங்கள். ஸ்கேனரின் வெளிச்சமும் தாளைக் கறுக்கவைக்கும் என்பதால் முன்னோட்டம் பார்க்காமல் ஒரே தடவையில் உயர்ந்த தரத்தில் எடுத்துவிடுங்கள். கணினியில் நெகட்டிவைப் பாசிட்டிவாக்கித் தலைகீழைத் திருப்பினால் முடிந்தது. தாளை இருட்டு உறையில் போட்டு வைக்கலாம்.

கட்டுவதற்கு இரண்டு நாள்கள் உண்டு, ஜூன் 21, டிசம்பர் 21. தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் டிசம்பரில் கட்டி ஜூனில் எடுப்பதே மேல். ஜூனில் கட்டினால் ஐப்பசி, கார்த்திகை மழையில் கோடுகள் காணாமல் போகும், தாளும் நனையும்.